மார்கழியில் விருந்தாளிகள் வந்ததும் நின்றுபோகும் காலைநடை: என்ன செய்யலாம்?

நெய்தல் (வெள்ளவத்தை) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறோம். கணவருக்கு 52 வயது. ஆறு ஆண்டுகளாக நீரிழிவுக்குக் குளிசை எடுக்கிறார். எனக்கு இரத்த அழுத்தம் சற்றுக் கூடுதல் என்று சென்ற ஆண்டு கண்டுபிடித்தார்கள். மாசி தொடக்கம் ஐப்பசி வரை நாங்கள் இருவரும் காலை ஐந்தரை மணிக்கு மரைன் டிரைவில் இறங்கி, ரயில் பாதையையும் அதற்கப்பால் கடலையும் பார்த்தபடி முக்கால் மணி நேரம் நடந்து வந்த பிறகுதான் தேநீருக்குத் தண்ணீர் வைப்போம். கார்த்திகை மழையோடு அந்த ஒழுங்கு குலையத் தொடங்கும்; மார்கழியில் முற்றாக நின்றுவிடும்.

சோம்பலால் நிற்பதன்று. ஒவ்வொரு டிசம்பரிலும் கனடாவிலிருந்து மச்சாள் குடும்பத்தினர் வருவார்கள். இம்முறை ஏழு பேர். தைப்பொங்கல் முடிந்துதான் போவார்கள். முதல் வாரம் முழுவதும் அவர்களுக்கு இரவு இரண்டு மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும், விழித்தவர்களுக்குப் பசியும் வந்துவிடும். பகலில் கடை, உறவினர் வீடு, கலியாணவீடு என்று வாகனத்திலேயே திரிவோம். போகும் வீடெல்லாம் பலகாரத் தட்டு வரும். கை நனைக்காமல் எழுந்தால் மனக்குறை. நத்தார் முடிந்த கிழமை கணவரின் சட்டையைத் துவைக்கப் போடும்போது, பையில் ரிச் கேக் சுற்றிவரும் பளபளப்புத் தாள்கள் நான்கு மடித்தபடி இருந்தன. கேட்டதற்கு, "பிள்ளைகள் தந்த குப்பை" என்றார்.

சென்ற தை மாதக் கடைசியில் கணவருக்கு எடுத்த எச்பிஏ1சி என்ற இரத்தச் சீனிப் பரிசோதனை 8.4 என்று வந்தது. அதற்கு முந்தியது 7.1. வைத்தியர் ஏசவில்லை, குளிசையைக் கூட்டி எழுதித் தந்தார், அவ்வளவுதான். விருந்தாளிகளை வெறுப்பேற்றாமலும், "இவர்கள் வருத்தக்காரர்" என்ற பேச்சுக்கு இடம் வைக்காமலும் இந்த ஐந்து கிழமைகளைக் கடக்க வழி இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

பழைய வாத்தியார் (பம்பலப்பிட்டி) எழுதியது:

தங்கச்சி, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. விருந்தாளிகள் இரண்டு மணிக்கே விழித்துவிடுகிறார்கள் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் மாரி காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம்; அவர்களுடைய உடம்புக்கு நம் விடியற்காலை என்பது பின்னேரம். அதாவது, ஐந்தரை மணிக்கு நடக்கக் கூப்பிட்டால் கண்ணைக் கசக்காமல் எழுந்து வரக்கூடிய மனிதர்கள் உலகத்திலேயே அவர்கள்தாம். முதல் நாளே, "நாங்கள் விடிய நடக்கப் போகிறோம், வாருங்கள் கடலைப் பார்க்கலாம்" என்று கூட்டிக்கொண்டு இறங்குங்கள். மூன்று நாள் கேட்காமல் விட்டீர்களானால், நான்காம் நாள் அந்த நேரத்தில் குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பீர்கள். டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் உதிக்க ஏறக்குறைய 6.20 ஆகும் என்பதால், நடந்து திரும்பும்போது வெளிச்சம் வந்துவிடும்; இவ்விடத்துப் பகல் வெளிச்சம் கண்ணில் பட்டால் அவர்களுடைய தூக்கமும் விரைவில் வழிக்கு வரும்.

வாகனத்தில் திரிவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு நாம் காட்டுவதெல்லாம் குளிரூட்டிய கடைத்தொகுதிகள். அவை அங்கேயும் உண்டு. என் தம்பி குடும்பம் லண்டனிலிருந்து வந்தபோது நான் அவர்களைக் கோட்டை ரயில் நிலையத்தில் இறக்கி, புறக்கோட்டை மெயின் வீதியூடாக நடத்தி, செட்டியார் தெருவில் நகைக்கடைகளையும் கதிரேசன் கோயில்களையும் காட்டி, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் மெழுகுதிரி ஏற்றவைத்து, இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயிலில் கொண்டுபோய் முடித்தேன். ஒருவரும் அதை அப்பியாசம் என்று நினைக்கவில்லை. வழியில் ஒரு இளநீர். வேறொன்றும் வாங்கிக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் கூட இருந்தால் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை நல்லது, ஏற்றமும் இறக்கமுமாகக் கால் நன்றாக வேலை செய்யும்.

பின்னேரத்தில் காலிமுகத்திடல். அங்குள்ள கடலோர நடைபாதை 1859 இல் ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில் முடிக்கப்பட்டபோது, கொழும்பின் பெண்களதும் சிறுவர்களதும் நன்மைக்காக அதைப் பேணும்படி தமக்குப் பின் வருவோரைக் கேட்டு அவர் கல்லில் பொறித்துவைத்தார். இன்று அந்தப் பாதையில் நடப்பவர்களைவிட இறால்வடை வண்டியைச் சுற்றி நிற்பவர்களே அதிகம் என்பது வேறு கதை. நானும் நிற்பதுண்டு, நடந்து முடித்த பிறகு, ஒன்று.

வெள்ளைத்தொப்பி (தெஹிவளை) எழுதியது:

நான் நீரிழிவுக் கிளினிக்குகளில் நீண்டகாலம் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி. ஐயா நடையைப் பற்றி எழுதிவிட்டார். அதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். முன்பு ஒரே தடவையில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றிருந்தது. 2020 இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆகவே காலைநடை தவறிய நாளில் முழு நாளும் போய்விட்டதாக எண்ண வேண்டாம். சாப்பிட்டு எழுந்தவுடன் 10, 15 நிமிடம் வெளியே நடந்துவிட்டு வந்தால், அப்போது இரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும் சீனியைத் தசைகள் இழுத்துக்கொள்ளும். விருந்துக்குப் பிறகு கதிரையில் சாய்ந்து கதைப்பதை, கடற்கரை வீதியில் நடந்தபடி கதைக்கலாம்.

எச்பிஏ1சியைப் பற்றி ஒரு விளக்கம். சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும் சீனியைத்தான் அது அளக்கிறது. அந்த அணு ஏறக்குறைய நான்கு மாதம் வாழும் என்பதால், கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரி அதில் தெரியும், கடைசிக் கிழமைகள் கூடுதலாகத் தெரியும். தை மாதக் கடைசியில் எடுத்தால் நத்தார் மட்டுமன்று, மழைக்காக நடை நின்ற கார்த்திகையும் சேர்ந்துதான் வரும். எனவே மச்சாளின் கேக்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

எல்லோரும் கேக்கையும் அரியதரத்தையும் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் கண்ட அளவில் தேநீர்தான் ஆளை விழுத்துகிறது. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 கிராம். விருந்தாளிகளோடு உட்கார்ந்து, இரண்டு கரண்டி போட்ட பால்தேநீர் நாளுக்கு ஆறு குடித்தால் 48 கிராம். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்ணும் ஒருவருக்குச் சேர்க்கப்படும் சீனி 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பதே கணக்கு. அது சுகதேகிக்கு. உங்கள் கணவர் பலகாரத்தைத் தொடுவதற்கு முன்பே அன்றைய பங்கு முடிந்துவிடுகிறது. தேநீரை வெறுந்தேநீராக்கி, இஞ்சி தட்டிப் போட்டு, சீனியை மேசையில் தனியாக வையுங்கள், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். அப்படிச் செய்தால் ஒரு துண்டு ரிச் கேக்கை அவர் ஒளிக்காமல், எல்லோர் முன்னிலையிலும் சாப்பிடலாம். ஒளித்துத் தின்பது எப்போதும் ஒன்றோடு நிற்பதில்லை, உங்களுக்கு நான்கு தாள் கிடைத்திருக்கிறதே!

சோடாப் போத்தல் வாங்கும்போது அதிலுள்ள வண்ணக் குறியைப் பாருங்கள். 2016 இல் வந்த விதியின்படி, 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. வீட்டில் சிவப்பு வேண்டாம், அவ்வளவே.

மார்கழியில் பிள்ளையார் கதை, திருவெம்பாவை என்று விரதமும் வருகிறது. இதில்தான் எனக்குக் கவலை அதிகம். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி மிகவும் கீழே இறங்குவது அரிது. ஆனால் கிளிக்லசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் வழக்கம்போல் அதைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தவிர்த்தால் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரும். உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுக்க வேண்டும். "விரதம் முறிந்துவிடும்" என்று பார்த்திருக்கக் கூடாது. விருந்தில் மது எடுத்தவருக்கும் அன்றிரவு இதே ஆபத்து உண்டு. விரதத்துக்கு முன்பே வைத்தியரிடம் குளிசை அளவைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. வெறுங்காலோடு கோயில் வீதி சுற்றுவதென்றால் விடியற்காலையில் சுற்றுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு நண்பகல் கருங்கல் சுட்டதே தெரியாது. வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

கடைசியாக, விருந்துக்குப் பின் நெஞ்சை அமுக்குவது போல வலித்து, அது கைக்கோ தாடைக்கோ பரவினால், வாயு என்று சொல்லி உள்ளியையும் இஞ்சியையும் தேடாமல் 1990 க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

கொட்டாஞ்சேனை மருமகள் எழுதியது:

நெய்தல் அக்கா, மேலே எழுதியவர்கள் இருவரும் நல்லதைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் எனக்கொரு குறை. உங்கள் பதிவில் கணவரின் சீனிக்கு ஒரு பந்தி, உங்கள் இரத்த அழுத்தத்துக்கு ஒரு வரி. ஏழு விருந்தாளிகளுக்கும் வீட்டாருக்கும் மூன்று வேளையும் சமைத்து, இரண்டு மணிக்கு விழித்தவர்களுக்கு முட்டை பொரித்து, பிறகு ஐந்தரைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இறங்குவது யார்? வாத்தியார் ஐயா எல்லோரையும் கடலுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். திரும்பி வரும்போது இடியப்பமும் சொதியும் மேசையில் தாமாக வந்து இருக்குமா?

எங்கள் வீட்டில் சென்ற ஆண்டு நான் ஒரு முடிவு எடுத்தேன். விருந்தாளிகள் நிற்கும் நாட்களில் காலைச் சாப்பாடு கடையில். உங்கள் வெள்ளவத்தையில் இடியப்பமும் பிட்டும் விற்காத ஒழுங்கை உண்டா? நடைக்குப் போனவர்களே வரும் வழியில் சிவப்பு இடியப்பமாக வாங்கி வரட்டும். நீங்கள் ஒரு வல்லாரைச் சம்பலும் பருப்பும் செய்தால் போதும். மாமி முதலில் முகத்தைச் சுளித்தார். மூன்றாம் நாள், "கடைச் சொதியில் உப்புக் கூட" என்றார். அது உண்மைதான், உங்களுக்கும் அது கூடாது. ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பு, ஊறுகாயிலும் கருவாட்டிலும் மோர்மிளகாயிலும் தெரியாமலே முடிந்துவிடும். அதனால் இடியப்பத்தை மட்டும் கடையில் எடுத்துச் சொதியை வீட்டில் வைத்தேன்.

நடைபாதை என்று எங்கள் பக்கத்தில் ஒன்று இருப்பதே சில இடங்களில் தெரியாது. அதன் மேல் மோட்டார் சைக்கிள் நிற்கும். நான் படியேறுகிறேன். உங்களுக்கும் ஐந்து மாடி இருக்கிறது, லிப்டை ஏறும்போது மட்டும் மறந்துவிடுங்கள். முழங்கால் நோவு உள்ளவர்களுக்கு இறங்குவதுதான் சிரமம், ஏறுவது அவ்வளவு இல்லை.

நெய்தல் (வெள்ளவத்தை) எழுதியது:

மூவருக்கும் நன்றி. கொட்டாஞ்சேனைத் தங்கச்சி சொன்னதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். கணவரும் படித்தார், காலைச் சாப்பாடு இனித் தன் பொறுப்பு என்று தானாகச் சொன்னார். அந்த நான்கு தாள்களைப் பற்றி எழுதியதற்குத்தான் இன்னும் கோபம் தீரவில்லை.

தாதி அக்கா, நீங்கள் சொன்ன பிறகு குளிசைப் பெட்டியைப் பார்த்தேன். மெற்போமினோடு கிளிக்லசைட்டும் இருக்கிறது. சென்ற தை மாதம் கூட்டி எழுதியது அதுதான் போலும். திருவெம்பாவைக்கு முன் கிளினிக் நாள் ஒன்று வருகிறது, கேட்டுக்கொண்டு வந்து இங்கே எழுதுகிறேன். தேநீர்க் கணக்கை எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்ததில், விருந்தாளிகள் இல்லாத சாதாரண நாளிலேயே அவருக்கு நான்கு கோப்பை. எனக்கு ஐந்து.

ஐயா, நேற்றிரவு மச்சாளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: எல்லோரும் நடக்கத் தோதான சப்பாத்துக் கொண்டு வாருங்கள், ஐந்தரைக்குக் கடற்கரை வீதியில் நடக்கப் போகிறோம் என்று. இன்று காலை பதில் வந்திருக்கிறது. ஐந்தரை என்பது காலையா பின்னேரமா என்று கேட்டிருக்கிறா.