அப்பா காலை இழுக்கவே இல்லை

தென்காசி மகள்:
போன சித்திரையில் நடந்தது. அப்பாவுக்கு 19 வருஷமாகச் சர்க்கரை. குதிகால் வலிக்குது என்றார். வாளியில் வெந்நீர் ஊற்றி, கல் உப்பு போட்டு வைத்தேன். காலை நனைத்தபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் கழித்து வாளியை எடுக்கப் போனபோது தண்ணீர் என் விரலில் பட்டது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

"அப்பா, சுடலையா?"

"இதமாத்தாம்மா இருக்கு."

ராத்திரிக்குள் இரண்டு பாதத்திலும் கொப்புளம். ஆறு வாரம் கட்டுப் போட்டோம். ஊற்றியது நான் என்பது இன்னும் உறுத்துகிறது.

டாக்டர் சொன்னது இது. தோலில் சூடு சுமார் 43 டிகிரியைத் தாண்டினால் வலி நரம்புகள் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். அங்கிருந்தே "இழு" என்று தசைக்கு உத்தரவு போய்விடும். மூளைக்கு வலி தெரிவது அதற்குப் பிறகுதான். அப்பாவுக்குத் தசையில் குறையில்லை. பாதத்திலிருந்து செய்தியே கிளம்பவில்லை. சர்க்கரை நாள்பட்டால் உடம்பிலேயே நீளமான நரம்புகள்தான் முதலில் கெடுமாம், அதனால்தான் பாதம்.

ஊறுகாய் போடுற அக்கா:
எனக்கு நேர் எதிர். காய்ந்த மிளகாய் கிள்ளிய அன்று வெதுவெதுப்பான தண்ணீர்கூடக் கொதிக்கிற மாதிரி இருக்கும். மகள் நர்சிங் படிக்கிறாள், அவள்தான் விளக்கினாள்: சூட்டை உணர்கிற அதே புரதத்தைத்தான் மிளகாயின் காரமும் தூண்டுமாம். டி.ஆர்.பி.வி.1 என்று பெயர். 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழு கண்டுபிடித்தது, 2021-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. காரம் ஏறிய தோலில் வலிக்கான சூட்டு அளவே இறங்கிவிடுமாம். காரம் பட்டால் "எரியுது" என்று நாம் சொல்வது சரியான வார்த்தைதான்!

கும்பகோணத்துக்காரன்:
தென்காசி தங்கச்சி, உங்க பதிவைப் படித்ததும் என் அத்தைதான் கண்முன் வந்தார். மதியம் கோயில் பிரகாரத்தில் கல் தணலாக இருந்தது. நாங்கள் நிழலுக்குத் தாவித் தாவி ஓடினோம், அத்தை மட்டும் நிதானமாக நடந்து வந்தார். பக்தி என்று நினைத்துக் கும்பிட்டோம். பஸ்ஸில் ஏறும்போதுதான் பார்த்தேன், கட்டைவிரலுக்குக் கீழே தோல் கழன்று தொங்கியது. அவருக்கும் சர்க்கரைதான்.

தென்காசி மகள்:
அண்ணே, நரம்பு கெட்டிருக்கா என்று அத்தைக்குக் குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாணில் சுத்தியலால் தட்டிப் பார்த்தாங்களா? அப்பாவுக்குத் தட்டினப்போ பாதம் அசையவே இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.