கிரேலிங் மீனில் தைம் வாசம் வருமா, வராதா?

வார்ஃப்கரையான்:
நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: குளிர்காலத்தில் கிரேலிங் என்ற ஆற்று மீனைத் தண்ணீரைவிட்டுத் தூக்கியதும் தைம் என்ற மூலிகை இலையின் வாசம் குப்பென்று அடிக்குமாம். அடிக்காவிட்டால் நாம் பிடித்தது கிரேலிங்கே இல்லையாம். படித்ததும் தேநீர் புரையேறிவிட்டது. யார்க்‌ஷயரில் வார்ஃப், யூர் ஆறுகள் இரண்டிலும் 18 குளிர்காலம் நின்றவன் நான். தூண்டில் கோலின் வளையங்களில் பனி உறைந்து நரம்பு ஓடாது. கோலை ஆற்றில் முக்கி முக்கி எடுத்து, தக்கையை நீரோட்டத்தோடு விட்டு, ஈப்புழு போட்டுப் பிடித்த மீன்கள். மூக்கருகே கொண்டுபோனால் மீன் வாசம்தான் வந்தது. மீனில் மீன் வாசம் வராமல் வேறென்ன வரும்?

தக்கைத்தம்பி:
அந்த "ஒருவர்" நான்தான் அண்ணே. பெயர் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். இந்த மீனின் அறிவியல் பெயரே தைமல்லஸ் தைமல்லஸ். ஒரு தடவை சொன்னால் உங்களுக்கு ஏறாது என்றுதான் இரண்டு தடவை வைத்திருக்கிறார்கள். இத்தாலியின் திச்சினோ ஆற்று மீனில் தைம் வாசம் அடிப்பதை ஈலியன் என்ற ரோமானியர் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். உங்கள் 18-ஐவிட அது கொஞ்சம் கூடுதல்.

வார்ஃப்கரையான்:
பெயரில் இருந்தால் மீனில் இருக்குமா? குதிரைவாலி அரிசியில் குதிரை வால் ஆட்டிக்கொண்டு நிற்கிறதா? ஈலியன் ஐயா ஜனவரி மாதம் இடுப்பளவு தண்ணீரில் நின்றாரா என்று கேட்டுச் சொல். வாசம் வராது.

நெடுந்தீவான்:
தைம் எண்டால் எங்கட ஓம வாசம்தானே, இரண்டிலும் இருப்பது தைமால் என்ற வாசப்பொருள். ஓமம் எனக்குத் தெரியாத வாசமில்லை. போன மார்கழியில் வேல்ஸ் டீ ஆற்றில், லாங்கோலன் பக்கம் ஒன்று பிடித்தேன். முதுகுத் துடுப்பை விரித்தால் பாய்மரம் மாதிரி, அதில் சிவப்பும் ஊதாவுமாய்க் கோடுகள். மணந்து பார்த்தேன். வெள்ளரிக்காய் வெட்டினது போல இருந்தது. ஓமம் இல்லை.

வார்ஃப்கரையான்:
வெள்ளரிக்காய்! நாளைக்கு ஒருவர் பெருங்காயம் என்பார். அப்புறம் சாம்பார்தான் வைக்க வேண்டும். நெடுந்தீவாரே, முதல்நாள் சாலட் வெட்டிய கையைக் கழுவினீர்களா?

இச்சென்ரமா:
முதலில் ஒன்று கேட்கிறேன். எந்த வாசத்தைச் சொல்கிறீர்கள்? வலையில் இருக்கும் நொடியிலா, செத்துக் கொஞ்ச நேரம் ஆன பிறகா, அடுப்பிலா? அது தெளிவாகாமல் எவ்வளவு பேசினாலும் வீண். என்னைக் கேட்டால், ஹாம்ப்ஷயரின் இச்சென் ஆற்றில் சில மீன்களில் லேசாக ஏதோ மூலிகை மாதிரி வருகிறது, பலவற்றில் இல்லை. இன்னொன்று, மணந்து பார்ப்பதற்காக மீனைக் காற்றில் வைத்திருக்காதீர்கள். கிரேலிங் சீக்கிரம் களைத்துவிடும். மூக்கு நீரோட்டத்தைப் பார்த்திருக்கும்படி இரு கைகளில் ஏந்தி, அதுவாக உதறிப் போகும்வரை பொறுக்க வேண்டும். உறைபனி நாளில் செவுளுக்கு அந்தக் காற்றே ஆகாது.

தக்கைத்தம்பி:
பாருங்கள், அக்காவே "வருகிறது" என்று சொல்லிவிட்டார். வழக்கு முடிந்தது.

வார்ஃப்கரையான்:
"பலவற்றில் இல்லை" என்றும் சொன்னாரே, அந்த வரி உன் திரையில் தெரியவில்லையா? ஹாம்ப்ஷயர் சங்கதியே வேறு. சுண்ணாம்புப் பாறை ஊற்றுநீர், கண்ணாடி மாதிரி தெளிவு, நாள் கட்டணம் கேட்டால் தலை சுற்றும். அங்கே மீனே சென்ட் போட்டுக்கொண்டுதான் வரும். எங்கள் ஆறு கரிமண்ணில் ஊறித் தேநீர் நிறத்தில் இறங்குகிறது. வராது.

இச்சென்ரமா:
கட்டணத்தை நான் வைக்கவில்லை. கேட்ட கேள்விக்கும் பதில் வரவில்லை.

தக்கைத்தம்பி:
அண்ணனுக்கு வாசம் வராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். எப்போது பார்த்தாலும் கோடாலித் தைலம். தைலத்தைத் தாண்டித் தைம் எப்படி வரும்?

வார்ஃப்கரையான்:
தைலம் பூசியது முழங்காலுக்கு, மூக்குக்கு இல்லை. 18 வருடம் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் நின்று பார், உனக்கும் வாங்கத் தோன்றும். காரில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்து, வெயில் வந்த பிறகு இறங்குகிறவனுக்கு அது புரியாது.

நெடுந்தீவான்:
ஈப்புழுப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எவனுக்கு நல்ல வாசம் வரும்? நான் நிம்ஃப்காரன், தண்ணீருக்குள் மூழ்கும் செயற்கைப் பூச்சி கட்டிப் பிடிக்கிறவன். வில்ட்‌ஷயர் ஏவனில் ஆற்றுக்காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் கட்டின கில்லர் பக் என்ற பூச்சிதான் எனக்கு. செம்புக் கம்பியில் கம்பளி நூல், அவ்வளவுதான். அவர் பாவித்த 477-ஆம் எண் நூல் இப்போது தயாரிப்பில் இல்லை. என்னிடம் அரை அட்டை இருக்குது.

வார்ஃப்கரையான்:
அரை அட்டை நூலுக்கு இவ்வளவு கர்வமா! ஈப்புழு போடுகிறவன் கீழ்ச்சாதியா?

சட்டப்புலி:
கிரேலிங் டிரவுட் மீன் வகை, முதுகில் வால் பக்கம் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்புகூட உண்டு. அப்படியென்றால் டிரவுட் பருவம் முடிந்த பிறகு பிடிப்பதே சட்டவிரோதம் இல்லையா? வாசத்தை விடுங்கள்.

வார்ஃப்கரையான்:
பெயரில் மட்டும்தான் புலி போலிருக்கிறது. குடும்பம் சால்மன் குடும்பம்தான், ஆனால் இங்கிலாந்து ஆறுகளில் தடை கணக்கில் கிரேலிங்கைக் கெண்டை வகைகளோடு சேர்த்திருக்கிறார்கள். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரைதான் தடை. இவை முட்டையிடுவதும் வசந்தத்தில். டிரவுட்காரர்கள் கோலை மடித்து வைத்த பிறகு எங்களுக்கு ஆறு காலியாகக் கிடைக்கிறது, அதுதான் சுகம். சரி, வாசம் வராது.

புதுத்தூண்டில்:
வணக்கம். இதில் குழம்பு வைத்தால் நன்றாக இருக்குமா?

இச்சென்ரமா:
ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு கொண்டுபோகலாம், அதுவும் 30 முதல் 38 செமீ வரை உள்ளவை மட்டும். அனுமதிச்சீட்டு வேண்டும், ஆற்றுரிமையாளரும் சம்மதிக்க வேண்டும். பல சங்கங்கள் எல்லாவற்றையும் திரும்ப ஆற்றில் விடத்தான் சொல்கின்றன. நான் கொண்டுவருவதில்லை.

நெடுந்தீவான்:
புளி விட்டால் ஓமமும் போகும், வெள்ளரியும் போகும்.

தக்கைத்தம்பி:
வெள்ளரி இல்லை, தைம். போன பிப்ரவரியில் நான் பிடித்த 50 செமீ மீன் வலையிலேயே மணந்தது.

வார்ஃப்கரையான்:
வந்துவிட்டாயா அந்த 50-க்கு! கையைக் கேமராவுக்கு முன்னால் முழுசாக நீட்டி எடுத்த படம். மீனைவிட உன் கட்டைவிரல் பெரிதாகத் தெரிகிறது. அந்த வலையும் என்னுடையது. இன்றோடு பதினோரு மாதம், திருப்பித் தரவில்லை.

தக்கைத்தம்பி:
வலையில் ஓட்டை இருந்தது. தைத்து வைத்திருக்கிறேன். வாசத்தை ஒப்புக்கொண்டால் தருகிறேன்.

வார்ஃப்கரையான்:
ஓட்டை போட்டதே நீ. வராது, வராது, வராது. சனிக்கிழமை வலையோடு வா.