சூரியன் அருகில் இருப்பது ஜனவரியில். உலகம் அதிகம் சூடாவது ஜூலையில். ஏன்?

வடகாற்று:
பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். அப்போது மொத்தப் பூமிக்கும் கிடைக்கும் வெயில் ஜூலையைவிட ஏறத்தாழ 7 சதவீதம் அதிகம். ஆனால் உலகம் முழுவதற்குமான சராசரி வெப்பநிலை ஜூலையில்தான் உச்சம். ஜனவரியைவிடக் கிட்டத்தட்ட 4 டிகிரி செல்சியஸ் கூடுதல். வடக்கே குளிர் என்றால் தெற்கே கோடை, ஈடாகிவிட வேண்டாமா? கணக்கு எங்கேயோ உதைக்கிறது.

நிலவரை:
உலக உருண்டையைத் திருப்பிப் பாருங்கள். நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வட பாதியில் இருக்கிறது. ஜனவரியின் கூடுதல் வெயில் பெரும்பாலும் தென்கடல்களில் விழுகிறது. நீருக்குத் தன் வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடேற்றத் தேவைப்படும் வெப்பம்) அதிகம், எளிதில் சூடாகாது. அவ்வளவுதான்.

உப்புக்காற்று:
"அவ்வளவுதான்" என்று சொல்லும் பாடப்புத்தகங்கள் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. எடைக்கு எடை பார்த்தால் காய்ந்த மணலைவிடத் தண்ணீர் ஐந்து மடங்கு வெப்பம் கேட்கும், உண்மை. ஆனால் மணல் கனமானது. கன அளவில் பார்த்தால் அந்த ஐந்து மூன்றாகச் சுருங்கிவிடும். மிச்ச வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் ஆழத்திலிருந்து. உச்சி வெயிலில் கால் பொசுக்கும் மணலை ஒரு முழம் தோண்டுங்கள். கைக்குக் குளிர்ச்சி தட்டும். வெப்பம் மேல்தோலிலேயே தேங்கி நிற்கிறது. கடலிலோ ஒளியே பல மீட்டர் இறங்கும். காற்றும் அலையும் அந்த வெப்பத்தைப் பத்துக்கணக்கான மீட்டர் ஆழம்வரை கிளறிவிடும். போதாததற்கு ஆவியாதல் வேறு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து, கனத்து, அமிழும்; அடியிலிருக்கும் வெதுவெதுப்பான நீர் மேலே வரும். ஆகவே கடல் மெல்லத்தான் ஆறும்.

உதாரணத்துக்கு இரண்டு ஊர்கள்: யாகூத்ஸ்க், தோர்ஷவ்ன். இரண்டும் 62 டிகிரி வட அட்சரேகையில் உள்ளவை. சைபீரியாவின் உள்ளே கிடக்கும் முதல் நகரில் ஜனவரிச் சராசரிக்கும் ஜூலைச் சராசரிக்கும் இடையே 55 டிகிரிக்கு மேல் வித்தியாசம். அட்லாண்டிக் நடுவே ஃபாரோ தீவில் இருக்கும் இரண்டாவதில் பத்து டிகிரிகூட இல்லை.

வடகாற்று:
நன்றி. அப்படியானால் கடல் உச்சம் தொடுவதும் தாமதமாகுமா?

உப்புக்காற்று:
ஆகும். வட பாதியில் நிலத்தின் உட்பகுதிகளுக்கு ஜூலை என்றால், கடல்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பர். அடங்காப்பிடாரி ஒன்று உண்டு: அரபிக்கடல். அது மே மாதத்திலேயே உச்சம் தொட்டுவிடும். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று வந்து மேல்நீரைக் கலக்கி, ஆவியாக்கி, மேகத்தால் வெயிலையும் மறைத்துவிடுகிறது. வடக்கே கோடை உச்சத்தில் இருக்கும்போது இந்தக் கடல் குளிர்ந்துகொண்டிருக்கும்.