பைலிங் பில் தகராறு: கேஸா, சமரசமா?

கேள்வி: அண்ணே, அபார்ட்மென்ட் வேலைக்கு பைலிங் (மண்ணைத் துளைச்சு அஸ்திவாரத் தூண் போடுற வேலை) சப்-கான்ட்ராக்ட் எடுத்தேன். மண் பரிசோதனை அறிக்கையில 12 மீட்டர்ல பாறைன்னு இருந்துச்சு. 17 மீட்டர்லதான் கிடைச்சது. கூடுதல் ஆழத்துக்கு 38 லட்சம் பில் போட்டேன், மெயின் கான்ட்ராக்டர் தர மாட்டேங்கிறார். வக்கீல் முதல்ல சமரசம்ங்கிறார். நாள்தான் வீணாகுமா?

பதில்: இல்ல தம்பி. வணிக வழக்கு 3 லட்சத்தைத் தொட்டாலே, அவசர உத்தரவு கேட்காட்டி, வணிக நீதிமன்றச் சட்டம் 12ஏ பிரிவுப்படி முதல்ல சமரச முயற்சி செஞ்சு பார்த்துட்டுத்தான் கேஸ் போடணும். எனக்கும் இதே சண்டை. சமரசப் பேச்சுல, ஒவ்வொரு தூணுக்கும் துளைச்ச ஆழத்தை எழுதின, சேறு படிஞ்ச துளைப் பதிவேட்டை அப்படியே மேசைமேல விரிச்சேன். ரெண்டு பக்க இன்ஜினியரும் குனிஞ்சு தூண் தூணா பார்த்தாங்க. மூணாவது அமர்வுல ஆழத்தை ஒத்துக்கிட்டாங்க. ரேட்டுல நான் இறங்கினேன்.

கேட்டவர்: சமரசத்துல ஒத்துக்கிட்டதை எழுதிக் கொடுத்தா செல்லுமா அண்ணே?

பதில்: நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) தீர்ப்புக்கு உள்ள வலு அதுக்கும் உண்டு. உங்க பதிவேட்டுல சைட் இன்ஜினியர் கையெழுத்து இருக்கான்னு இன்னிக்கே பாருங்க.