வேக்குவம் பம்ப் இடத்தில் பைக் ஆல்டர்னேட்டர்: மாற்று மின்சாரமா, வம்பா?

தட்டான்:
இரண்டு இருக்கை விமானம் ஒன்றைச் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். என்ஜின் நான்கு சிலிண்டர் லைகமிங் வகை, அதிகபட்சம் 2700 ஆர்பிஎம். பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் மேக்னெட்டோ இரண்டையும் எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷனும் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனும் போட்டாயிற்று. கரண்ட் நின்றால் என்ஜினும் நின்றுவிடும் என்பதுதான் இதில் உள்ள ஒரே தலைவலி. பெல்ட்டில் ஓடும் மெயின் ஆல்டர்னேட்டர் ஒன்றும் 17 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்றும் இருக்கின்றன.

எல்லாக் கருவிகளும் திரையில் வந்துவிட்டதால் பழைய கருவிகளை ஓட்டும் வேக்குவம் பம்ப் தேவையில்லை, அதை மாட்டிச் சுற்றவைக்கும் இடமான பேட் காலியாகக் கிடக்கிறது. மெயின் போனால் கைகொடுக்கும் மாற்று மின்சாரமாக, அங்கே பைக்கின் நிரந்தரக் காந்த ஆல்டர்னேட்டரை மாட்டலாம் என்று நினைக்கிறேன். அப்போது தேவைப்படுவது: எரிபொருள் பம்ப் 5 ஆம்பியர், கன்ட்ரோலரும் இன்ஜெக்டரும் 3, இக்னிஷன் 2, ரேடியோ, டிரான்ஸ்பாண்டர், ஒரு திரை சேர்த்து 3. மொத்தம் 13 ஆம்பியர். அந்தப் பேடுக்கென்றே விற்கிற சிறிய காந்த ஆல்டர்னேட்டர் 8 ஆம்பியர்தான் தருகிறது. பைக்கினுடையது 300 வாட், அதாவது 14 வோல்ட்டில் 21 ஆம்பியர். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பழைய பிளக்:
தம்பி, வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிற வேலை இது. இன்னொரு 17 ஏஎச் பேட்டரி வைத்து, நடுவில் ஒரு டையோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) போட்டு வேலையை முடியுங்கள். பேட்டரியில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. அந்தப் பேட் என்ஜினின் பின்பக்க கியர் பெட்டியில் இருக்கிறது. அங்கே ஒரு பல் உடைந்து துண்டு ஆயிலில் விழுந்தால், மாற்று மின்சாரத்தைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது.

தட்டான்:
பேட்டரி கணக்கையும் போட்டேன் ஐயா. 17 ஏஎச் என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக இழுத்தால் கிடைப்பது. 13 ஆம்பியர் இழுத்தால் புது பேட்டரியிலேயே 50 நிமிடம் தாண்டுவது சிரமம். இரண்டு வருடம் பழசாகி 60 சதவீதத்துக்கு இறங்கினால் அரை மணி நேரம். டேங்கில் நான்கு மணி நேரத்துக்கு எரிபொருள் இருக்கும்போது, அரை மணி நேரத்துக்குள் இறங்கியாக வேண்டும் என்பது எனக்கு நெருடலாக இருக்கிறது.

பழைய பிளக்:
மெயின் ஆல்டர்னேட்டர் போனால் இறங்கத்தான் வேண்டும். நான்கு மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று யார் கேட்டார்கள்? இரண்டாவது பேட்டரி வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். பேட்டரி வோல்டேஜ் 13-க்குக் கீழே வந்ததும் எரியும்படி ஒரு சிவப்பு விளக்கு. அவ்வளவுதான். பாதிப் பேர் விளக்கே வைக்காமல், ரேடியோ மங்கும்போதுதான் ஆல்டர்னேட்டர் போனதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

கம்பிச்சுருள்:
இருவரும் ஆம்பியர் பற்றியே பேசுகிறீர்கள். முதலில் வேகத்தைப் பார்க்க வேண்டும். லைகமிங்கில் வேக்குவம் பேட் கிராங்க்கைப் (என்ஜினின் முக்கிய ஷாஃப்ட்) போல 1.3 மடங்கு வேகத்தில் சுற்றும். 2400 ஆர்பிஎம்மில் பறந்தால் ரோட்டருக்கு (சுழலும் காந்தச் சக்கரம்) கிடைப்பது 3120. பைக் ஸ்டேட்டரின் (அசையாமல் நிற்கும் சுருள்) 300 வாட் பெரும்பாலும் 5000 ஆர்பிஎம்மில் சொன்ன கணக்கு. ஆகவே 21 ஆம்பியரை மறந்துவிடுங்கள். கிடைப்பது 13-ஐத் தாண்டுமா என்பதை பெஞ்சில் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். தரை ஓட்டத்தில், 1000 ஆர்பிஎம்மில், பேட்டரிதான் சோறு போட வேண்டும்.

ஆனால் பெரியவர் சொல்கிற அளவுக்கு இது அபத்தமும் இல்லை. 280 வாட் எடுத்தாலும், 60 சதவீத திறன் என்று வைத்தால், ஷாஃப்ட்டில் கேட்பது 470 வாட். 3120 ஆர்பிஎம்மில் அது 1.4 நியூட்டன் மீட்டர் முறுக்கு. கியருக்கு இது பெரிய பாரமே இல்லை.

குட்டிப்பறவை:
ரோட்டாக்ஸ் 912 என்ஜின் ஓட்டுகிறவர்களுக்கு இந்த விவாதம் வேடிக்கையாக இருக்கும். அதில் உள்ளே இருப்பதே காந்த ஃப்ளைவீலும் ஸ்டேட்டரும் வெளியே வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் தனி ரெகுலேட்டரும்தான். 5800 ஆர்பிஎம்மில் 250 வாட். பைக்கில் இருக்கிற அதே ஏற்பாடு! இத்தனை வருடமாக அதை நம்பித்தானே பறக்கிறோம். ரெகுலேட்டர் சூடாகிச் சாவதுதான் உண்மையான தொல்லை. என்னுடையதும் ஒருமுறை போனது. அதை என்ஜின் மூடியான கவுலிங்குக்குள் என்ஜின் சூட்டில் விட்டுவைத்தது என் தவறு. என்ஜினுக்குப் பின்னால் உள்ள தீத்தடுப்புச் சுவரான ஃபயர்வாலின் குளிர்ந்த பக்கம் மாற்றிய பிறகு பிரச்சினை இல்லை.

பழைய பிளக்:
அந்த ஃப்ளைவீல் என்ஜின் தயாரிக்கிறபோதே கிராங்க்கில் உட்கார வைத்தது. இங்கே நாம் வெளியிலிருந்து ஒட்டுகிறோம். இரண்டும் ஒன்றா?

இன்னொன்று. ஷண்ட் ரெகுலேட்டர் மிச்சக் கரண்டை எல்லாம் சூடாக எரிக்கும். மாற்று மின்சாரம் என்றால் முக்கால்வாசி நேரம் சும்மாதான் சுற்றும். அப்போதெல்லாம் 300 வாட்டையும் அடுப்பாக எரித்துக்கொண்டிருக்கும்.

கம்பிச்சுருள்:
இது எல்லோரும் சொல்வது, ஆனால் சரியில்லை. ஷண்ட் வகை, வோல்டேஜ் 14.4-ஐத் தாண்டினால் ஸ்டேட்டர் சுருளை ஷார்ட் செய்கிறது. ஷார்ட்டில் வோல்டேஜ் கிட்டத்தட்ட பூஜ்யம். ஓடுவது கரண்ட் மட்டும்தான். அந்தக் கரண்டும் அளவில்லாமல் ஏறாது. வேகம் கூடினால் சுருளில் பிறக்கும் வோல்டேஜும் கூடும், சுருளின் ரியாக்டன்ஸும் (ஏசி கரண்டுக்குச் சுருள் காட்டும் தடை) அதே விகிதத்தில் கூடும், ஆகவே கரண்ட் ஒரு அளவில் நின்றுவிடும். வீணாவது செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸில் உண்டாகும் சூடும் ரெகுலேட்டரில் விழும் சூடும். 300 வாட் முழுவதும் அல்ல.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பல பைக்குகளில் ஸ்டேட்டர் ஆயில் தெறிப்பில் உட்கார்ந்திருக்கும், ஆயில்தான் அதைக் குளிரவைக்கும். அதை வெளியே எடுத்துக் காய்ந்த காற்றில் வைத்தால், செம்பின் சூடு எங்கே போகும்? தட்டான் சீரிஸ் வகை ரெகுலேட்டர் போடட்டும். தேவையில்லாதபோது அது சுருளைத் திறந்துவிடும், கரண்டே ஓடாது, ஸ்டேட்டர் குளிர்ந்திருக்கும்.

தட்டான்:
சீரிஸ் போட்டால் சுருள் திறந்திருக்கும்போது வோல்டேஜ் எகிறாதா? என்னிடம் இருக்கிற சர்வீஸ் கையேட்டில் 5000 ஆர்பிஎம்மில் லோட் இல்லாமல் 60 வோல்ட்டுக்கு மேல் என்று போட்டிருக்கிறது.

கம்பிச்சுருள்:
எகிறும். 3120-இல் ஏறக்குறைய 40 வோல்ட் ஏசி. சுருளின் இன்சுலேஷன் அதைத் தாங்கும். கெட்டுப்போன ரெகுலேட்டர் அதை உங்கள் கன்ட்ரோலருக்கு அனுப்பினால்தான் கதை முடிந்தது. மெயின் ஆல்டர்னேட்டரில் ஃபீல்டை (காந்தப்புலம் தரும் சுருளின் கரண்ட்) வெட்டினால் அடங்கிவிடும். காந்தத்துக்கு ஸ்விட்ச் கிடையாது. எனவே ஸ்டேட்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில், ஏசி பக்கம், ஒரு ரிலே வையுங்கள். மூன்று ஃபேஸில் இரண்டை வெட்டினாலே போதும். ஓவர் வோல்டேஜ் சர்க்யூட் 16 வோல்ட்டில் அந்த ரிலேயைத் திறந்துவிட வேண்டும். ரிலேயை டிசி பக்கம் வைத்தால் ஆர்க்கில் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும்.

லித்தியம் பேட்டரி வைத்திருக்கிறீர்களா? அதன் பாதுகாப்பு சர்க்யூட் திடீரென்று கழன்றுகொண்டால், ரெகுலேட்டருக்குப் பிடிமானமே இல்லாமல் போய்விடும். ஒரு பெரிய கெபாசிட்டர் அவசியம்.

காற்றுவாக்கு:
கியரே வேண்டாம் என்றால் காற்றில் சுற்றும் ஜெனரேட்டர் வைக்கலாமே? முதல் உலகப் போர்க் காலத்தில் ரேடியோவுக்கு அப்படித்தான் கரண்ட் எடுத்தார்கள். விநாடிக்கு 50 மீட்டரில் பறந்தால் ஒரு சதுர மீட்டர் காற்றில் 76 கிலோவாட் இருக்கிறது. மொத்தத் திறன் 25 சதவீதம் என்றாலும் 150 வாட்டுக்கு 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள விசிறி போதும்.

குட்டிப்பறவை:
150 வாட் அவருக்குப் போதாதே. அதோடு வேகம் 35 மீட்டருக்கு இறங்கினால் மூன்றில் ஒரு பங்குதான் வரும். இறங்கும்போதுதான் ரேடியோவும் பம்பும் அதிகம் தேவை.

பழைய பிளக்:
சரி, மின்சாரப் பக்கத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இரும்புப் பக்கத்தைக் கேட்கிறேன். பைக் ரோட்டர் ஒரு கனமான ஃப்ளைவீல், கிராங்க்கின் டேப்பரில் இறுகி உட்காரும். இங்கே அதற்குத் தனி ஷாஃப்ட், தனி பேரிங், தனி கூடு எல்லாம் லேத்தில் கடைய வேண்டும். மொத்தம் 3 கிலோ, அதன் எடைமையம் பேடிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி என்றால் 3 நியூட்டன் மீட்டர் தொங்கு பாரம். என்ஜினின் அங்கீகார விவரத்தாளான டைப் சர்டிஃபிகேட் டேட்டா ஷீட்டில் ஒவ்வொரு பேடுக்கும் தொங்கு பார வரம்பு போட்டிருக்கும். அதை எடுத்து ஒப்பிட்டீர்களா?

அடுத்தது. ஆயில் இல்லாமல் ஓடும் காய்ந்த வகை வேக்குவம் பம்பில் பிளாஸ்டிக் கப்ளிங் எதற்கு இருக்கிறது? பம்ப் இறுகினால் அது உடைந்து கியரைக் காப்பாற்றும். பம்பின் ரோட்டர் இலேசானது. நீங்கள் சுற்றப்போவது ஒன்றரைக் கிலோ சக்கரம். நான்கு சிலிண்டர் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை உதைக்கும். சக்கரம் அந்த ஆட்டத்துக்கு ஈடுகொடுக்காமல், கியர் பற்கள் முன்னும் பின்னும் தட்டிக்கொண்டே இருக்கும். கம்பிச்சுருள் சொன்ன 1.4 சராசரிக் கணக்கு. பல்லை உடைப்பது சராசரி இல்லை.

கம்பிச்சுருள்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. சராசரியை வைத்துக் கியருக்கு நற்சான்று கொடுத்தது என் அவசரம். ரோட்டரின் ஜடத்துவம்தான் இங்கே உண்மையான எதிரி.

தட்டான்:
கூட்டை வரைந்துவிட்டேன், கடைய இன்னும் கொடுக்கவில்லை. பேடை விட்டுவிட்டு, மெயின் ஆல்டர்னேட்டர் பக்கமே இரண்டாவது பெல்ட் போட்டு ஓட்டினால்? பெல்ட் வழுக்கும், அறுந்தாலும் கியருக்கு ஒன்றும் ஆகாது. கிராங்க்கின் முன்பக்கம் உள்ள ரிங் கியர் சப்போர்ட்டின் பெரிய புல்லியிலிருந்து எடுத்தால் 5000 ஆர்பிஎம்மும் கிடைக்கும்.

பழைய பிளக்:
இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஒரு கேள்வி: முதல் பெல்ட் அறுந்து சுழன்றால் இரண்டாவதைப் பிடுங்கிக்கொண்டு போகாதா? நடுவில் ஒரு தடுப்புத் தகடு வேண்டும். என்ன சொன்னாலும் இரண்டாவது பேட்டரி வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

தட்டான்:
பேட்டரி வைக்கிறேன் ஐயா, எடை 6 கிலோ கூடினாலும். ஆல்டர்னேட்டரையும் விடவில்லை. ஒரு மோட்டாரில் மாட்டி, 13 ஆம்பியர் லோடில் நான்கு மணி நேரம் ஓடவிட்டு, ஸ்டேட்டரின் சூட்டை அரை மணிக்கு ஒருமுறை அளந்து இங்கே போடுகிறேன்.

கம்பிச்சுருள்:
லோடு இல்லாமலும் நான்கு மணி நேரம் ஓடவிடுங்கள். ஷண்ட், சீரிஸ் இரண்டு ரெகுலேட்டரிலும். எனக்கு அந்த எண்கள்தான் வேண்டும்.