மறு: கோடெக்கை ‘ஒலித் துபாசி’ என்றால் என்ன தப்பு?

நண்பர்களுக்கு வணக்கம்.

கோடெக் (codec) என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் ‘குறிமாற்றி’ என்று முடிவுகட்டி, நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று இந்த இழையில் மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள். சொல் மோசமில்லை. ஆனால் அந்தச் சொல்லை நம்பி என் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகத் தொலைத்தான். அதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அவனிடம் ஒரு பழைய பென்டியம் 4 கணினி இருக்கிறது. விண்டோஸ் 98 போட்டு அந்தக் காலத்து விளையாட்டுகளை ஆடுவதற்கென்றே வைத்திருக்கிறான். பெட்டி துருப்பிடித்துவிட்டது என்று மலிவான வேறொரு கேபினெட்டுக்கு மதர்போர்டை மாற்றினான். மாற்றியதிலிருந்து சத்தமே இல்லை. யாரோ “கோடெக் போயிருக்கும்” என்றிருக்கிறார்கள். இவன் கோடெக் என்றால் என்ன என்று தமிழில் தேட, ‘குறிமாற்றி: பாட்டு, படக் கோப்புகளைத் திறக்க உதவும் மென்பொருள்’ என்று கிடைத்திருக்கிறது. அப்புறம் என்ன, எம்பி3க்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று நிறுவிக்கொண்டே போயிருக்கிறான். சாயங்காலம் போன்: “மாமா, நாலு கோடெக் போட்டுட்டேன், இன்னும் சத்தம் வரலை.”

சிரிப்பதற்கில்லை. சொன்னவர் நினைத்தது போர்டில் ஒட்டியிருக்கும் சில்லை. இவன் புரிந்துகொண்டது மென்பொருளை. ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு பொருளுக்கும் ஓடுகிறது. அந்தக் குழப்பத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர நமக்கு ஒரு கட்டாயமும் இல்லை. எம்பி3 போன்ற மென்பொருள் செய்வது சுருக்குவதும் விரிப்பதும். எண்கள் உள்ளே போகின்றன, எண்களே வெளியே வருகின்றன. அதற்குக் குறிமாற்றி பொருந்தும், இருக்கட்டும். சில்லு செய்வது வேறு வேலை. அது எண்ணை மின்னலையாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது, மைக்கிலிருந்து வரும் மின்னலையை எண்ணாக்கி உள்ளே அனுப்புகிறது.

சரி, அதற்கு என்ன பெயர்? ஒரு வாரமாக யோசித்ததில் கிடைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோனது. ‘எண்ணலை மாற்றி’ நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். “என்ன எண்ணலை? எண்ணிட்டு வந்து சொல்லுங்க” என்று பதில் வந்தது. திருப்பிப் போட்டு ‘அலையெண் மாற்றி’ என்றால், அலையெண் ஏற்கெனவே இயற்பியலில் வேறு பொருளில் புழங்குகிற சொல். ‘ஒலிபெயர்ப்பி’ அழகுதான், ஆனால் ஒலிபெயர்ப்பு என்றவுடன் எழுத்துப்பெயர்ப்புதான் நினைவுக்கு வரும். ‘ஒலிச்சில்லு’ என்றால் ஆம்ப்ளிஃபையர் ஐசியும் அதற்குள் வந்துவிடும். ரிப்பேர் கடைகளில் ‘ஆடியோ ஐசி’ என்கிறார்கள், அங்கும் இதே சிக்கல்தான்.

ஆகவேதான் துபாசி. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸுக்குத் துபாசியாக ஆனந்தரங்கப் பிள்ளை இருந்த மாதிரி, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இரண்டு பேருக்கு நடுவே நின்று இரண்டு பக்கமும் பேசுகிறவர். வடமொழி வேர் என்ற ஆட்சேபம் வரும், வரட்டும். இருநூறு முந்நூறு ஆண்டு இங்கே புழங்கிய சொல். வேண்டாம் என்றால் ‘இருமொழியன்’ என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சம்மதம். ஆனால் இருபக்கமும் பேசுவது என்ற கருத்து மட்டும் பெயரில் இருக்க வேண்டும். காரணம், பழுது பார்க்கும்போது அந்தக் கருத்துதான் வழிகாட்டுகிறது.

பையனின் போர்டில் இருப்பது ஏசி97 (AC'97) வகை ஒலி அமைப்பு. இன்டெல் 1997 வாக்கில் கொண்டுவந்த முறை இது. இதில் வேலையை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். கணக்கு வழக்கெல்லாம் போர்டில் உள்ள சவுத்பிரிட்ஜ் என்ற பெரிய சில்லுக்குள், அலை வேலை மட்டும் ஸ்பீக்கர் செருகும் ஜாக்குகளுக்குப் பக்கத்தில் 48 கால்கள் கொண்ட ஒரு சின்னச் சில்லில். இரண்டுக்கும் நடுவே ஐந்தே கம்பி. இதில் வேடிக்கை என்னவென்றால், தாளம் போடுவது எஜமானரான சவுத்பிரிட்ஜ் இல்லை, துபாசி. சில்லின் அருகிலுள்ள 24.576 மெகாஹெர்ட்ஸ் படிகத்திலிருந்து (கிரிஸ்டல்) அதில் பாதியான 12.288 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை எடுத்து அதுதான் சவுத்பிரிட்ஜுக்குக் கொடுக்கிறது. படிகம் செத்தால் துபாசி வாய் திறக்காது, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் ஏறாது.

இங்கே டிரைவர் ஏறியிருந்தது. பாட்டு ஓடும்போது பட்டையும் நகர்ந்தது. ஆக, எண் பக்கத்துப் பேச்சு நடக்கிறது. கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் ஆடியோ அணைந்திருக்கிறதா என்று பார்க்கவே தேவையில்லை. சந்தேகம் முழுக்க அலை பக்கத்தில்தான். ‘குறிமாற்றி’ என்ற பெயரை வைத்துக்கொண்டு அவனுக்கு இதை விளக்கியிருக்க முடியாது. ‘துபாசி எந்தப் பக்கம் பேசுறார், எந்தப் பக்கம் பேசலை?’ என்று கேட்டதும் பிடித்துக்கொண்டான்.

அலை பக்கத்துக்குச் சாப்பாடு தனி. 12 வோல்ட்டிலிருந்து 78எல்05 என்ற குட்டி ரெகுலேட்டர் 5 வோல்ட் எடுத்துக் கொடுக்கிறது. அந்தக் காலத்து போர்டுகளில் அது செத்துப்போவது உண்டு. அப்போதும் இதே அறிகுறிதான்: எல்லாம் ஓடும், சத்தம் வராது. மல்டிமீட்டர் வைத்தேன், சரியாக 5 வோல்ட். பக்கத்து மின்தேக்கிகள் எதுவும் உப்பியிருக்கவில்லை. அடுத்து, பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரின் உள்முனையில் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைத் தொடராக வைத்து, சில்லின் 35ஆவது, 36ஆவது கால்களைத் தொட்டுப் பார்த்தேன். இடது, வலது ஒலி வெளியே வரும் கால்கள் அவை. பாட்டு ஜம்மென்று கேட்டது. (ஒரு எச்சரிக்கை: கால்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி, ஊசிமுனை இல்லாமல் இதில் கைவைக்காதீர்கள்.)

துபாசி மேல் பழியில்லை. அவர் பேசுகிறார், பேச்சு வாசலுக்குப் போய்ச் சேரவில்லை. அங்கிருந்து போர்டின் தடத்தைப் பிடித்துப் போனால் அது பின்பக்க ஜாக்குக்கு நேராகப் போகவில்லை. முன்பக்க ஆடியோவுக்கான பத்துக் கால் இணைப்புக்குப் போகிறது. எட்டாவது கால் இருக்காது, ஒன்பதுதான். 5ஆவது காலிலும் 9ஆவது காலிலும் ஒலி முன்பக்கம் போய், ஹெட்ஃபோன் செருகாதபோது 6, 10 வழியாகத் திரும்பி வந்து, அப்புறம்தான் பின்பக்க ஜாக்குக்குப் போகும். பழைய கேபினெட்டில் அந்த வயர் இருந்தது. புதியதில் முன்பக்க ஆடியோவே கிடையாது. பையன் வயரைக் கழற்றினான், வட்டம் அறுந்தது. 5-6, 9-10 இரண்டையும் இணைத்துவிட்டால் தீர்ந்தது.

இணைக்கிற அந்தத் துண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜம்பருக்குப் பட்டியலில் ‘தாவி’ என்று இருக்கிறது. அங்கே எது தாவுகிறது? மின்சாரமும் தாவவில்லை, அந்தத் துண்டும் தாவவில்லை. ஆங்கிலச் சொல்லின் நிழல்தான் தாவியிருக்கிறது. இரண்டு கால்களின் மேல் மாட்டிச் சேர்த்துப் பிடிக்கிற பொருளுக்கு நம் வீட்டுக் கதவிலேயே பெயர் இருக்கிறது: கொண்டி. ‘5-6இல் கொண்டி போடு’ என்றால் சொல்லே செய்கையையும் சொல்லிவிடுகிறது.

செத்துப்போன ஐடிஇ ஹார்ட்டிஸ்க் ஒன்றின் பின்புறத்திலிருந்து ஒரு கொண்டி, சிடி டிரைவிலிருந்து இன்னொன்று. மாட்டியதும் விண்டோஸ் 98இன் தொடக்க ஒலி கேட்டது, பையன் குதித்தான். இப்போது அவனும் அதைக் கொண்டி என்றுதான் சொல்கிறான். நான் சொல்லிக்கொடுத்தது, ஆகவே அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. உங்களில் யாராவது ரிப்பேர் கடைப்பக்கம் போனால், விளக்கம் எதுவும் சொல்லாமல் “இந்த ரெண்டு பின்னுக்கும் ஒரு கொண்டி வேணும்” என்று கேட்டுப் பார்த்து, என்ன எடுத்துக் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள்.