ஏற்காடு மலைப்பாதை நடைக்கு ட்ரெட்மில் பயிற்சி போதுமா?

அஸ்தம்பட்டிவாசி:
வணக்கங்க. ஏற்காடு அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் நடந்தே ஏறி, மறுநாள் நடந்தே இறங்கலாம்னு திட்டம். சுமார் 20 கி.மீ., 20 கொண்டை ஊசி வளைவு. இப்ப சித்திரை வெயில்ல காலை 8 மணிக்கு மேல சேலத்துல வெளியே நடக்க முடியறதில்லை. ஜிம் ட்ரெட்மில்லை மட்டும் நம்பலாமா? சாய்வு எவ்வளவு வைக்கணும்? சாய்வு 1 வெச்சாத்தான் வெளியே நடக்கிறதுக்குச் சமம்னு ட்ரெயினர் சொல்றாரு, சரிங்களா?

கெண்டைக்கால்:
அந்த 1 சதவீதக் கணக்கு ஓட்டத்துக்குங்க, நடைக்கு இல்லை. 1996-ல் வந்த ஆய்வு அது. மணிக்கு 10.5 கி.மீ.க்கு மேல் ஓடுறவங்களை வெச்சுப் பார்த்தாங்க. வெளியே ஓடும்போது எதிர்காற்றைத் தள்ளுற வேலை ட்ரெட்மில்லில் இல்லை, அதை ஈடுகட்டத்தான் அந்த 1. மணிக்கு 5 கி.மீ. நடையில் காற்றுத் தடை ஒரு பொருட்டே இல்லை.

உங்களுக்கு வேண்டியது ஏற்றம். அடிவாரத்திலிருந்து மேலே போக சுமார் ஆயிரம் மீட்டர் உயரம், 20 கி.மீ.க்குப் பரப்பினால் சராசரி 5 சதவீதம். வளைவுகளில் அதைவிடச் செங்குத்து. அதனால 6 சதவீதத்தில் பழகுங்க. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சூத்திரப்படி, 5 கி.மீ. வேகத்தில் 6 சதவீதம் ஏறினால் சமதள நடையைவிட முக்கால் பங்கு அதிக ஆக்சிஜன் வேணும். அதே வேகத்தில் 12 சதவீதம் வெச்சா, சமதளத்தில் மணிக்கு 8 கி.மீ. ஓடுறதுக்குக் கிட்டத்தட்டச் சமம். மூட்டுக்கு ஓட்டத்தின் அதிர்ச்சி இல்லாமலே நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் அவ்வளவு வேலை. ட்ரெட்மில்லின் பெரிய பலமே இதுதான்.

வாரம் மூணு நாள். 5 நிமிஷம் சமதளம், அப்புறம் 6 சதவீதத்தில் 20 நிமிஷம். வாரத்துக்கு 5 நிமிஷம் கூட்டி ஒரு மணி நேரம் வரைக்கும் போங்க. அந்த ஒரு மணியில் 300 மீட்டர் ஏறியிருப்பீங்க. கைப்பிடியைப் பிடிக்கவே கூடாது. பிடிச்சு பின்னால சாய்ஞ்சு நடந்தா உடம்புப் பாரத்தில் ஒரு பங்கைக் கை சுமக்கும், திரையில் காட்டுற கலோரி பொய்யாகிடும். பிடிக்காம முடியலைன்னா சாய்வை மாத்தாம வேகத்தைக் குறைங்க. எதிரே மின்விசிறி அவசியம். நின்ற இடத்திலேயே நடக்கிறதால வேர்வை காயாது, அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு ஏறிக்கிட்டே போகும்.

மூக்கனேரிக்கரை:
ஏற்றத்துக்கு அண்ணன் சொன்னது அப்படியே சரி. ஆனா மலை நடையில் காலை உடைக்கிறது இறக்கம். அதைப் பெரும்பாலான ஜிம் ட்ரெட்மில்லில் பழகவே முடியாது, முன்பக்கம் உயரும், தாழாது. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுக்கிட்டே பாரத்தைத் தாங்கி பிரேக் போடணும். பழக்கமில்லாத தசையில் நுண்ணிய கிழிசல் விழும். வலி அன்னைக்குத் தெரியாது, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு உச்சத்துக்கு வரும், படிக்கட்டு இறங்கவே முடியாது.

ஆறுதலான விஷயம், ஒரு தடவை இறக்கம் பழகினால் தசைக்கு அதில் கிடைக்கிற பாதுகாப்பு சில வாரம் நிக்கும். பயணத்துக்கு முன்னால வாரம் ஒரு நாள் விடிகாலையில் அடிவாரத்திலிருந்து முதல் சில வளைவு வரைக்கும் ஏறி இறங்குங்க. முடியலைன்னா ஊத்துமலை, அதுவும் இல்லைன்னா மாடிப்படி. இறங்கும்போது சின்னச் சின்ன எட்டு, முழங்கால் லேசா மடங்கி இருக்கணும். எட்டிக் குதிகால் குத்தினா மூட்டுச்சில்லு பிடிச்சுக்கும். ஷூவின் மேல் ஓட்டையில் நாடாவை இறுக்கிக் கட்டுங்க, இல்லைன்னா பாதம் முன்னால சரிஞ்சு கட்டைவிரல் நகம் கறுத்துடும்.

சாலை ஓரம் வெளிப்பக்கம் சரிஞ்சிருக்கும், ட்ரெட்மில்லில் அது கிடையாது. எதிர்வரும் வண்டியைப் பார்த்து எப்பவும் வலது ஓரமாவே நடந்தா, போகும்போதும் வரும்போதும் வலது கால்தான் தாழ்வா விழும். இடுப்பின் பக்கவாட்டு வலிக்கு அது ஒரு காரணம். அதுக்காக ஓரம் மாத்தாதீங்க, பயிற்சி நடையைப் பூங்கா மாதிரி சமமான இடத்தில் வெச்சுக்கோங்க. எதிரே வர்ற வண்டி தெரியாத வளைவில் மட்டும், முன்கூட்டியே வெளிவட்டப் பக்கம் மாறிடுங்க. மே மாசம் கோடை விழா நாட்களைத் தவிர்த்துடுங்க, வண்டி நெரிசல் தாங்காது.

அஸ்தம்பட்டிவாசி:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். எங்க ஜிம் மெஷினில் சதவீதம் இல்லை, 1 முதல் 12 வரை லெவல்தான் போட்டிருக்கு. 6-ம் லெவல்னா 6 சதவீதம்தானா?

பெல்ட்டும் ரோலரும்:
நம்பாதீங்க, அளந்து பாருங்க. மெஷின் நிக்கும்போது டெக்கின் (பெல்ட்டுக்கு அடியில் இருக்கிற பலகை) முன் முனைக்கும் பின் முனைக்கும் தரையிலிருந்து உயரம் எடுங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முனைகளுக்கு இடைப்பட்ட நீளத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்க. 140 செ.மீ. நீளத்துக்கு 8.4 செ.மீ. வித்தியாசம்னா 6 சதவீதம். சாய்வே வைக்காத நிலையிலும் ஒருமுறை அளங்க. டெக்கே சரிவா இருந்தா அங்கேயே தெரிஞ்சிடும்; தரைச் சரிவை இந்த அளவு காட்டாது, ரசமட்டம் வெச்சுத்தான் பார்க்கணும்.

வேகத்தையும் சரிபாருங்க. பெல்ட் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, பெல்ட் முழு நீளத்தையும் டேப்பால் அளந்துக்கோங்க. ஒருத்தர் மேலே நடக்கும்போதே இன்னொருத்தர் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுன்னு எண்ணணும். ஆளில்லாம எண்ணினா பலன் இல்லை, பாரம் ஏறினா பெல்ட் மெதுவாகும். 3 மீட்டர் பெல்ட் 28 சுற்று ஓடினா நிமிஷத்துக்கு 84 மீட்டர், அதாவது மணிக்கு 5 கி.மீ. சொச்சம். காலை வைக்கும்போதெல்லாம் பெல்ட் ஒரு நொடி தயங்கினா, டெக்கில் சிலிக்கோன் எண்ணெய் காய்ஞ்சிருக்கும் அல்லது பெல்ட் தளர்ந்திருக்கும். அதை ஜிம்காரங்ககிட்ட சொல்லிச் சரிபண்ணின பிறகு ஏற்றப் பயிற்சியை ஆரம்பிங்க.